கழுகு வீட்டில் வைத்த கேமரா

அந்தப் பெரிய கடையில் எல்லாரும் அவனைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டின் ஒரு மூலையில் கிடந்தது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. துணி, செருப்பு, பாத்திரம், பொம்மை என்று மாடி மாடியாக விற்கிற கடை அது. அதன் அடித்தளத்தில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவர் முழுக்கத் திரைகள். எதிரே கைப்பிடி உரிந்த ஒரு சுழல் நாற்காலி. கழுகு அதில் உட்கார்ந்துவிட்டால், மேல்மாடியில் ஒருத்தி குழந்தைக் காலுறை ஒன்றைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாலும் தப்ப முடியாது. வாக்கிடாக்கியை எடுத்து, "பச்சைச் சட்டை, படிக்கட்டுப் பக்கம்" என்று மட்டும் சொல்வான். அவள் கீழே இறங்கி வரும்போது வாசலில் காவலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

கையைப் பார்க்காதே, கண்ணைப் பார் என்பது அவன் கொள்கை. வாங்க வந்தவன் பொருளைப் பார்ப்பான், திருட வந்தவன் காவலாளியைத்தான் பார்ப்பான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும். அதைத்தான் பார்க்கச் சகிக்காது.

அந்த அறையில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது திரைகள்கூட இல்லை. அந்தத் திரைகளுக்குச் சத்தம் கிடையாது என்பதுதான். மேலே பிள்ளைகள் தரையில் புரண்டு அழட்டும், புருஷனும் பெண்டாட்டியும் விலையைப் பார்த்துவிட்டு அடித்துக்கொள்ளட்டும், கீழே வாய் மட்டும் அசையும். உலகமே இப்படி இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். நெரிசலான வீட்டில், கூடப் பிறந்ததுகள் விடிந்ததிலிருந்து கூச்சல் போட வளர்ந்தவன். அந்த வீட்டில் அவனுடைய மூத்த அக்கா வந்து ஒரு அதட்டல் போட்டால்தான் அமைதி வரும். அதனாலேயே அவனுக்கு அக்கா மேல் தனி மரியாதை. மற்ற எல்லார் மேலும் எரிச்சல்.

அந்தக் கட்டடத்திலேயே கேமரா இல்லாத இடம் அவன் உட்கார்ந்திருக்கிற அந்த அறை ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருப்பவனை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. இந்த மாற்றி மாற்றி வருகிற வேலைதான் வீட்டுக்குப் பிடித்த சனி. வீடு என்றால் மேல்மாடியில் ஒரே அறை. ஓரத்தில் சமையல் மேடை, ஒரு பீரோ, ஜன்னல் பக்கம் கட்டில், கட்டிலுக்கு எதிரே அவன் பெண்டாட்டியின் தையல் மெஷின். அவள் ஒரு கடைக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவள். மெஷின் ஓடினால் தரையே அதிரும். அவன் வீட்டில் இருந்தால் மெஷின் மேல் உறை போட்டுவிட வேண்டும். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவனுக்குத் தூக்கம் வேண்டாமா என்று கேட்பான். வேண்டும்தான். பகல் வேலை முடிந்து வருகிறவனுக்கும் தலைவலி. ஆக அவன் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஊசி விழுந்தால்கூட அவன் காதில்தான் விழும். எரிந்து விழுவான்.

கல்யாணமான புதிதில் அவள் சிரித்தால் கீழ்வீடு வரை கேட்கும். இப்போது கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேலே அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. அவளுக்குச் சிரிப்பு போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். அவன் படியிறங்கிப் போனதும் திரும்பி வந்துவிடும்.

இவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. அம்மா அவளை மைக்கு என்று கூப்பிடுவாள். பிறந்த அன்றைக்கே நர்ஸ், இது மைக்கை முழுங்கிட்டுப் பிறந்திருக்கு என்று சொன்னாளாம். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு உடம்பு. சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை. நடக்கச் சொன்னால் ஓடும், ஓடச் சொன்னால் குதிக்கும், சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டு தட்டில் தாளம் போடும். இந்தப் பிள்ளையையும் அந்தத் தூக்கத்தையும் ஒரே அறைக்குள் வைத்துக் குடும்பம் நடத்து என்றால் எவள் நடத்துவாள்?

நடத்தினாள். ஒரு மூலை உடைந்த அவளுடைய பழைய போன் ஒன்று இருந்தது. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். காதில் ஒயரை மாட்டினாள். சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். பிள்ளை அசையவில்லை. அவன் புரண்டு படுத்தான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அப்புறம் அவனுடைய காலணிச் சத்தம் படியில் கேட்டாலே போன் அலமாரியிலிருந்து இறங்கிவிடும்.

ஆக, அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று. மூலையில் மகள், மடியில் போன், முகத்தில் நீல வெளிச்சம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிந்து வருகிறவனுக்கு எப்படி இருக்கும்? உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறும். காலையில் போகும்போது பிடித்தது, இந்த நேரம் வரைக்கும் கீழே வைக்கவில்லை என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். நடுவில் என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது.

பெண்டாட்டியும் ஒன்றும் சாது இல்லை. அவன் கதவில் கை வைப்பதற்குள் அந்தப் போனை எடுத்து ஒளித்துவிட அவளுக்கு எத்தனை நேரம் ஆகும்? ஒளிக்க மாட்டாள். உன் தூக்கத்துக்குக் கொடுத்த மருந்து இது, நீயே பார்த்து எரி என்று விட்டுவிடுவாள். அவன் கத்தினால் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். டீயைக் கொண்டுவந்து வைக்கிற விதத்திலேயே பாதி டீ மேஜையில் இருக்கும்.

இந்த நிலைமையில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். டீச்சர் சொன்னது இதுதான்: பிள்ளை வகுப்பில் கிசுகிசுவென்றுதான் பேசுகிறாள், கேள்வி கேட்டால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள், கண்ணை வேறு கசக்கிக்கொண்டே இருக்கிறாள். வீட்டில் போன் கொடுக்கிறீர்களா என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து குதித்தான். பிள்ளையைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டாள் என்றான். பிள்ளை பெறத் தெரிந்தவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்றான். அவளுடைய அம்மா வீட்டையும் இழுத்தான். கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னான்: இனிமேல் பிள்ளை இங்கே இருக்க வேண்டாம், அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அக்கா வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். விடுதிக்குள்ளேயே அவளுக்கு வீடு. சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஊரார் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தி ஒழுங்குபடுத்தி, குரலே விசில் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையை என்னிடம் விடு, ஒரு வருஷத்தில் ஆளாக்கிக் காட்டுகிறேன் என்று அவள் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தம்பியே கொடுக்கிறேன் என்கிறான். விடுவாளா?

பெண்டாட்டி கெஞ்சவில்லை. நேராக அவன் முகத்தைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"நீங்க வீட்ல இல்லாத நேரத்துல அவ அந்தப் போனைத் தொடறதே இல்ல."

உண்மையைத்தான் சொன்னாள். அவன் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டான். பொய்யையும் சொல்லிவிட்டு, அதை இவ்வளவு திமிராகவும் சொல்கிறாளே என்று அவனுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். இவளைக் கையும் களவுமாகப் பிடித்து அக்கா முன்னால் நிறுத்தாவிட்டால் தன்னைக் கழுகு என்று கூப்பிட வேண்டாம் என்று மனசுக்குள் சபதம் போட்டான்.

கடையில் பழசு என்று கழித்துப்போட்ட சின்னக் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. அதை ஒரு காலிச் செருப்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியில் ஒரு ஓட்டை போட்டு, பீரோவின் தலையில் மற்ற பெட்டிகளோடு அடுக்கிவிட்டான். ஒயரைப் பீரோவுக்குப் பின்னால் விட்டான். தொழில் தெரிந்தவன் வைத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காது. படமெல்லாம் உள்ளே ஒரு கார்டில் பதிவாகும். நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால் அவன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அது பகல் வேலை வாரம். சுவர் முழுக்கத் திரைகளை வைத்துக்கொண்டு, கழுகு மடியில் இருந்த சின்னத் திரையைப் பார்க்க ஆரம்பித்தான். பிள்ளை போன் பார்க்கிறாளா என்று கண்டுபிடிக்க, அப்பன் நாள் பூராவும் போன் பார்த்தான். வேடிக்கையை வெளியே போய்த் தேட வேண்டாம். சத்தத்தை வழக்கம்போல அடைத்துவிட்டான்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை எறிந்தாள். மெஷினில் அம்மாவின் கால் ஓடியது. மகள் கட்டில் மேல் ஏறி, கீழே கிடந்த வெட்டுத் துணிக் குவியலில் குதித்தாள். திரும்ப ஏறினாள், திரும்பக் குதித்தாள். இரண்டு பாத்திர மூடிகளைத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றினாள். வாயை அகலத் திறந்து என்னமோ செய்தாள், பாடினாளோ கத்தினாளோ. அம்மாவும் வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். போன் அலமாரியில் அனாதையாகக் கிடந்தது.

கழுகுக்கு இதில் தோன்றியது ஒன்றுதான். என் கட்டில் மேல் ஏறிக் குதிக்கிறாள்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். ஆனால் அவன் வேலை முடிந்து கதவைத் திறந்தால் மூலையில் மகள், மடியில் போன். தலை சுற்றியது. கேமராவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தன் முன்னால் நாடகம் ஆடுகிறார்கள் என்று முடிவு செய்தான். அவளுடைய மூளை அப்படிப்பட்டது, எத்தன் தோற்றான் என்று பல்லைக் கடித்தான். இந்த ஆராய்ச்சியில் இருந்தபோது ஒருத்தன் பாத்திரப் பகுதியிலிருந்து ஒரு குக்கரையே தூக்கிக்கொண்டு வாசல் வழியாக ஜம்மென்று நடந்து போய்விட்டான். மேனேஜர் கூப்பிட்டு, கழுகுக்குக் கண் மங்கிடுச்சா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தக் கடுப்பையும் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். வேறெங்கே கொண்டுபோவான்?

அடுத்த வாரம் இரவு வேலை. பகலில் அவன் கட்டிலில் தூங்கினான். தானே வீட்டில் இருக்கும்போது கேமராவில் என்ன இருக்கப் போகிறது என்று அந்தப் படத்தை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேமரா மட்டும் தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த வாரக் கடைசியில், பள்ளிக்கூட விடுமுறை நாளில் அக்கா வந்து இறங்கினாள்.

வந்ததும் வராததுமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், "அந்தச் சனியன் எங்கே?" என்றாள். போனைத்தான் கேட்டாள். அலமாரியிலிருந்து அவளே எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, பட்டென்று கொக்கியை மாட்டினாள். கழுகு அதற்கு முன்பே பீரோவைத் திறந்து மகளின் துணியையெல்லாம் ஒரு பைக்குள் திணித்து வாசல் பக்கம் வைத்திருந்தான். பிள்ளை தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணியை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அப்பா விழித்திருந்தார், சும்மா இருந்தாள்.

பெண்டாட்டி மெஷின் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். முகம் கல் மாதிரி இருந்தது.

"அண்ணி, நான் சொல்றதை ஒரு தடவை கேளுங்க," என்றாள்.

"உன் பேச்சைக் கேட்க நான் வரலை," என்றாள் அக்கா. "என் தம்பி ஆதாரம் வெச்சிருக்கான்."

ஆதாரம் என்றதும் கழுகு எழுந்து போய் பீரோவின் மேலிருந்து செருப்புப் பெட்டியை இறக்கினான். ஓட்டையைக் காட்டினான். கேமராவை எடுத்துக் காட்டினான். பெண்டாட்டி பெட்டியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், அங்கிருந்து அறை எவ்வளவு தெரியும் என்று கண்ணாலேயே அளந்தாள். அவள் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"நான் துணி மாத்தற அறைங்க இது," என்றாள்.

அதை அவன் யோசித்தே பார்த்திருக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அக்காவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். ஆனாலும் வந்த காரியத்தை விடுகிறவள் இல்லை. என்னடா கிடைத்தது, போடு என்றாள். இவன் தலையைச் சொறிந்தான். நான் வேலையில் இருக்கும்போதெல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் சிக்கவில்லை, தெரிந்துகொண்டு நடிக்கிறார்கள் என்றான். இதைக் கேட்டதும் அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள். விடுதியில் பத்துப் பிள்ளைகளைச் சுவரோரம் நிற்க வைக்கும்போது சிரிக்கிற சிரிப்பு.

"மடையா. காவலுக்கு இருக்கறவங்க தூங்கற நேரத்துலதான் எல்லாம் நடக்கும். நீ தூங்கற நேரத்தைப் போடு."

கழுகுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொழில் செய்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கம்கூட வந்தது. நான் தூங்கும்வரை காத்திருந்து செய்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு நாளும் சிக்கவில்லை. கார்டை எடுத்து டிவியில் செருகினான். அந்த டிவியில் அவன் செய்தி பார்ப்பான், அதையும் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பான். பழக்கத்தில் சத்தத்தைக் குறைக்கப் போனான்.

"சத்தத்தை ஏத்துடா," என்றாள் அக்கா. "ஆயும் மகளும் என்ன பேசிக்கறாங்கன்னு கேக்க வேண்டாமா?"

ஏற்றினான்.

படம் ஓடியது. அந்த இரவு வேலை வாரத்தில் ஒரு நாள், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு. ஜன்னலில் திரை போட்டிருந்தது. கட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். குறட்டை அறையை நிறைத்தது. தரையில் மகள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். காதில் ஒயர், மடியில் வெளிச்சம்.

"பாத்தியாக்கா?" என்று கழுகு துள்ளி எழுந்தான். "நான் சொன்னேனில்ல? தொடறதே இல்லைன்னா, தொடறதே இல்லைன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னா."

அக்கா தலையை ஆட்டினாள். இப்போது பெண்டாட்டியும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகுக்கு வாழ்க்கையில் அதற்கு மேல் சந்தோஷமான நேரம் இருந்திருக்காது. எப்போது கொடுத்தாள், எப்படிக் கொடுத்தாள் என்பதையும் காட்டுகிறேன் என்று படத்தைப் பின்னுக்கு ஓட்டினான். கையில் கொடுக்கிற இடம் கிடைத்தால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது பார் என்றான். கடையிலும் இப்படித்தான் செய்வான். பிடிபட்டவர்களுக்கு முதலிலிருந்து போட்டுக் காட்டுவான்.

முதலிலிருந்து ஓடியது.

மகள் பையோடு உள்ளே வந்தாள். நுனிக்காலில் வந்தாள். பையைக் கீழே வைத்தாள்; எறியவில்லை. உறை போட்ட மெஷினுக்குப் பக்கத்தில் அம்மா கையாலேயே எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை, ஜாடை காட்டிக்கொண்டார்கள். மகள் மேடையிலிருந்து தட்டை எடுத்தாள். தட்டின் மேல் இருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

அப்போது அந்தக் குரல் வந்தது.

டிவியிலிருந்து வந்த குரலை யாருடையது என்று கழுகுக்கு முதலில் தெரியவில்லை. ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலேயே, செத்துத் தொலைங்களேன் என்கிறான். ஒரு நாளாவது மனுஷனைத் தூங்க விடறீங்களா என்கிறான். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசுகிறான். அது மகளின் தலைக்கு மேலே சுவரில் பட்டுத் தெறித்து விழுகிறது. மகள் அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொள்கிறாள். கத்தினவன் பொத்தென்று படுத்து மறுபடி குறட்டை விடுகிறான். அம்மா ஓடிவந்து பிள்ளையின் தலையைத் தடவிப் பார்க்கிறாள், அலமாரியிலிருந்து போனை எடுக்கிறாள், காதில் ஒயரை மாட்டுகிறாள், சுவரைப் பார்க்கத் திருப்பி உட்கார வைக்கிறாள். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறாள்.

கொஞ்ச நேரத்தில் போனில் என்ன வந்ததோ, பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. சத்தம் வராமல் இருக்க மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே மெதுவாகத் தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தாள். ஒரு பார்வை. மறுபடி போன். மறுபடி கட்டில்.

அந்தப் பார்வையைக் கழுகு ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். அந்தப் பார்வையை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். கையிலிருந்த ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் எதையோ அமுக்கினான். படம் நிற்கவில்லை. அடுத்த நாளுக்குத் தாவியது. அங்கேயும் அதே குரல் ஆரம்பித்தது. இந்தத் தடவை என்ன விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

அப்போதுதான் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்தாள். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. துணிகளை அப்படியே விட்டுவிட்டு, நுனிக்காலில் நடந்து போய், ஆணியில் தொங்கிய ஒயரை எடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். போன் அத்தையின் கைப்பைக்குள் இருந்தது. ஒயரின் மறு முனை எதிலும் செருகாமல் அவள் மடியில் கிடந்தது. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கழுகின் முகத்தில் ஈயாடவில்லை. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு டிவியின் ஸ்விட்சைப் போய் அணைத்தான். அக்கா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏய், இங்கே வா என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த விசில் குரலுக்கு விடுதியே எழுந்து நிற்கும். இந்தப் பிள்ளை திரும்பவில்லை. தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் குறுகியது. அக்கா கைப்பையைத் திறந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இத்தனை நாள் என்கிட்ட ஏன் இதைச் சொல்லலை என்று கேட்டாள். அவள் யாரைக் கேட்டாள் என்று புரியவில்லை.

பெண்டாட்டி வாசல் பக்கம் போனாள். துணி திணித்து வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷன் காலடியில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பை தயாரா இருக்கு. யாரு போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவன் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தனியாகவே போனாள். போகும்போதும் அவளுக்கு நாத்தனார் குணம் போகவில்லை; நீயாவது வாயைத் திறந்து நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லியிருக்கலாம் என்று பெண்டாட்டியைத்தான் குறை சொல்லிவிட்டுப் போனாள். சொன்னேன் அண்ணி, கேட்க ஆள் இல்லை என்று இவளும் வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்தாள். சமாதானம் என்று யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பை இருந்த இடத்திலேயே இருந்தது.

கழுகுக்கு அன்றும் இரவு வேலை. தூங்கியாக வேண்டும். கட்டிலில் போய்ப் படுத்தான். ஜன்னல் திரையை அவனேதான் இழுத்துவிட்டுக்கொண்டான். படுத்த கொஞ்ச நேரத்தில் பெண்டாட்டி மெஷின் மேல் இருந்த உறையைக் கழற்றினாள். அவன் கட்டிலில் இருக்கும்போது அந்த உறை கழன்றது அதுவே முதல் தடவை. ஒரு கனத்த திரைச்சீலையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். முழு வேகத்தில் மிதித்தாள். தரை அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, பீரோவின் மேலிருந்த பெட்டிகள் கடகடவென்று ஆடின. வேண்டுமென்றேதான் செய்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

மூலையில் இருந்த பிள்ளை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். மெஷினைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். கழுகு கண்ணை இறுக மூடிக்கொண்டான். மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. யாரும் கத்தவில்லை. பிள்ளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் காதிலிருந்து ஒயரை எடுக்கவில்லை.